ஞாயிற்றுச் சட்டை

புதன்கிழமை வேதநாயகி கத்தரியால் தலை நறுக்கிய எலிக்குட்டிகளின் இதயம், ஞாயிற்றுக்கிழமையும் தட்டில் துடித்துக்கொண்டிருந்தது. பிய்த்து, கரைத்து, தனித்தனிச் செல்லாக்கி அவள் வளர்த்தது. நுண்ணோக்கியின் திரையில் ஒவ்வொன்றும் வெட்டி வெட்டி இழுத்தது.

கோர்படி சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு சோற்று டப்பா கொண்டுவந்திருந்தார் அவள் அப்பா ஜெபமணி. வாகட் பகுதியில் எழும்பிய அடுக்குமாடிகளுக்குச் சாரம் கட்டியவர். இதயத் தசை விறைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும் மேஸ்திரி அவருடைய பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்து சுவரைக் குத்துகிறார். விரல் முட்டியெல்லாம் புண்.

வெளியாளை ஆய்வுக்கூடத்துக்குள் விடக் கூடாது. விடுமுறை, யாரும் இல்லை, விட்டாள்.

"ஏட்டி, இது ஏன் நோஞ்சானாட்டம் துடிக்குது?"

"சீக்கு வரவச்ச செல்லுப்பா. செல்லத் தாங்க உள்ள பொடிப்பொடியா குழாய் இருக்கும். சீக்குல அது பெருகி இறுகிரும், சுருங்க விடாது. உங்க சாரம் மாதிரின்னு வச்சுக்கோங்க."

"கம்பு கூடிப்போனா உள்ள கை வீச முடியாதே."

"அதேதான்."

குழாயைக் கரைக்கும் மருந்தைக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு தட்டில் விட்டாள். வெளியே போய்ச் சோற்றைத் தின்றுவிட்டு வந்து பார்த்தார்கள். குழாய்கள் கரைந்திருந்தன. அதே செல் மடார் மடார் என்று சுருங்கி விரிந்தது.

சாரக்காரரிடம் சாரம் என்று சொல்லியிருக்கக் கூடாது.

"எனக்கும் இதே சீக்குதானே?" குப்பி அவர் கைக்குப் போயிருந்தது.

"அப்பா! தட்டுல விட்டது ஒரு சொட்டு. குப்பியில இருக்கது விஷம். அந்தக் குழாய் இல்லாம உடம்புல ஒரு செல்லும் ரெண்டாப் பிரியாது. குடல் உதிர்ந்து ரத்தமாப் போவும்."

"கட்டடம் முடிஞ்சா சாரத்த உருவத்தான செய்வோம்? கட்டடம் நிக்கும்லா."

"நீங்க கட்டடம் இல்ல!"

மூடியைப் பல்லால் திருகினார். அவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். ஆயுளெல்லாம் இரும்புக் குழாய் தூக்கிய கை. ஒரே உதறு, அவள் மேசையில் முதுகு மோதி விழுந்தாள். நாலு நாள் வளர்த்த தட்டு தரையில் கவிழ்ந்தது.

எழுந்து அவர் கையைக் கடித்தாள். பல் எலும்பில் இடறும்வரை விடவில்லை. அவர் அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். புருவம் பிளந்தது. கண்ணில் ரத்தம் வழிய, முழங்காலால் அவர் வயிற்றில் இடித்தாள். குப்பி சாய்ந்து அவர் சட்டைக் கையெல்லாம் நனைந்தது. பிறகு தரையில் விழுந்து சிதறியது.

"சண்டாளி," என்றார். அதற்கு மேல் மூச்சு வரவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்தது.

அவள் குனிந்தாள். அந்த நிலையிலும் அவர் நனைந்த சட்டைக் கையை வாய்க்குக் கொண்டுபோனார்.

தாடையில் ஓங்கிக் குத்தினாள். பெற்றவரை அடிக்கிறோம் என்று நினைக்க நேரமில்லை. பொத்தான்கள் தெறிக்க ஞாயிற்றுச் சட்டையைக் கிழித்து உருவி எறிந்தாள். தண்ணீரைத் திறந்து அவர் கையையும் வாயையும் தேய்த்துக் கழுவினாள். அவர் அவள் முகத்தில் துப்பினார். துப்பட்டும். உள்ளே எதுவும் போகாமல் இருந்தால் சரி.

தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து ஆட்டோவை மறித்தாள். வெற்று மார்போடு கிழவரும், முகமெல்லாம் ரத்தமாகப் பெண்ணும். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து மிரண்டார்.

"காய் ஜாலம், காகா?" என்ன ஆச்சு என்று மராத்தியில் கேட்டார்.

"கிர் கயே," என்றாள் வேதநாயகி. விழுந்துவிட்டார். "ஆஸ்பத்திரி. ஜல்தி."

ஆட்டோ குலுங்கிக் கிளம்பியது. அவர் கை மறுபடி வாய்க்குப் போகாமலிருக்க இரண்டையும் மடியில் அமுக்கிப் பிடித்திருந்தாள். கடித்த இடத்தில் ரத்தம் கசிந்தது. இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டே அவர் சொன்னார்:

"எதுக்குட்டி பொய் சொல்லுத? நான் ஒரு நாளும் விழுந்ததில்ல."