இன்றைக்கு மெரியெண்டா என்ன?

அந்தப் புதன்கிழமை காலையில் என் கைபேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆசிரியர்களுக்கான குலுக்கலில் எனக்கு ஒரு மூட்டை அரிசி விழுந்திருக்கிறதாம். பள்ளிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் வீட்டுக்கே வந்து இறக்கிவிடுவார்களாம். காப்பியைக் கீழே வைத்துவிட்டு இணைப்பைத் தொட்டேன். திரையில் பெரிய எழுத்தில் வந்தது: "ரோசலி, மறுபடியுமா?"

எங்களைச் சோதிக்க அந்தப் போலி மின்னஞ்சலை அனுப்பியதே என் கணவர் எல்மெர்தான். முட்டை பொரித்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"கணக்கு டீச்சரம்மா, ஒரு மூட்டை அரிசிக்கு மொத்தப் பள்ளிக்கூடத்தையும் வித்துட்ட."

"அரிசி தீந்துபோச்சுன்னு நேத்தே சொன்னேன். நீ வாங்கியிருந்தா நான் ஏன் அதைத் தொடறேன்?"

"திருடனும் இதத்தான் எதிர்பாக்கறான்."

வரும்போது அரிசி வாங்கி வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். கல்வி அலுவலகத்தின் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

இலோய்லோ மாகாணத்தில், கடலைப் பார்த்த சின்ன ஊர் எங்களுடையது. எல்மெர் அங்கே, என் பள்ளியிலேயே, அறிவியல் ஆசிரியர். ஒருமுறை அச்சு இயந்திரத்தில் சிக்கிய காகிதத்தை உருவி எடுத்துவிட்டார். அன்றிலிருந்து பள்ளியின் கணினி வேலை முழுவதும் அவர் தலையில். ஆசிரியர், மாணவர் எல்லாருடைய கணக்குகளும் அவர் பொறுப்பு.

திருடர்கள் பெரும்பாலும் தலைமையாசிரியரின் பெயரில்தான் வருவார்கள். 'கூட்டத்தில் இருக்கிறேன், கடவுச்சொல்லை உடனே அனுப்பு' என்பார்கள். மேலே இருப்பவரிடம் 'நிஜமாகவே நீங்கள்தானா' என்று கேட்பது எங்களுக்கு வராது. கேட்டால் மரியாதைக் குறைவு. ஆனால் என்ன சாப்பிட்டீர்கள் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். எல்மெர் அதைப் பிடித்துக்கொண்டார். யார் கடவுச்சொல் கேட்டாலும் சரி, அவரைக் கூப்பிட்டு, "இன்னைக்கு மெரியெண்டா என்ன?" என்று கேட்க வேண்டும். மெரியெண்டா என்றால் இடைவேளைச் சிற்றுண்டி; பத்து மணிக்குப் பள்ளிச் சிற்றுண்டிக் கடையில் மனாங் பெபாங் என்ன போடுகிறாள் என்பது பள்ளிக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். (மூத்தவளை மனாங், மூத்தவரை மனோங் என்போம், அக்கா, அண்ணன் என்பதுபோல.) அதற்காகவே கடை வாசலில் இருந்த விலைப் பலகையையும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

ஒரே ஓட்டை புதன்கிழமை. அன்று எப்போதும் துரோன்தான், சர்க்கரை பூசிப் பொரித்த வாழைப்பழச் சுருள்.

"மனாங், புதன்கிழமைய மட்டும் மாத்துங்களேன். ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

"உங்க கம்ப்யூட்டருக்காக நான் வாழைப்பழத்தப் பகைச்சுக்கணுமா, சார்?"

ஒருவர் பள்ளியை விட்டுப் போனால் அன்றே அவருடைய கணக்கை மூட வேண்டும் என்பதும் எல்மெரின் விதிதான். ஆனால் இறந்தவர் நாற்பதாம் நாள் வரை பழகிய இடங்களில் வந்து போவார் என்பது எங்கள் நம்பிக்கை. தலைமையாசிரியர் மேம் எவாஞ்சலின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாப்பது முடியட்டும், ரோசலி. அதுக்குள்ள அவர் பேரை எப்படி எடுக்கறது?" என்றார். யாரும் மறுக்கவில்லை. வீட்டிலும் அவருடைய படத்துக்குப் பக்கத்தில், மெழுகுவத்தியோடு, அவருடைய கைபேசி மின்னேற்றியில் சொருகியபடியே இருந்தது.

பள்ளியை முடித்துப் போகும் வகுப்பின் இறுதி மதிப்பெண்களை ஏற்றிக்கொண்டிருந்த வாரம். ஒரு வியாழக்கிழமை, விளையாட்டு ஆசிரியர் வெண்டல் என் வகுப்பு வாசலில் வந்து நின்றான். கழுத்தில் விசில், முகத்தில் ரத்தமே இல்லை.

"மேம், தப்பா எடுத்துக்காதீங்க. மனோங் எல்மெர் மெயில் அனுப்பியிருக்காரு."

"எப்ப அனுப்பினது?"

"இப்பதான்."

ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் அது வந்திருந்தது. நண்பகலில் எல்லாக் கணக்குகளும் முடக்கப்படும், தப்பிக்க வேண்டுமானால் கீழே கடவுச்சொல்லைக் கொடுங்கள் என்று எல்மெரின் பெயரில். பெயருக்குப் பக்கத்தில் அவர் மீனோடு சிரிக்கும் படம். இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வெண்டல் தன் கடவுச்சொல்லில் பாதியை அடித்து வைத்திருந்தான்.

"செத்தவர் கேக்கறப்போ எப்படி மேம் குடுக்காம இருக்கறது?"

அந்தப் படத்தை நானும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என் வகுப்புப் பிள்ளைகளின் ஞாபகம் வந்தது. இந்த அறையின் கடவுச்சொற்கள் போனால் அவர்களுடைய மதிப்பெண்கள் யாரோ ஒருவன் கைக்குப் போகும். அழிப்பான், அல்லது பிடித்துவைத்துக்கொண்டு பேரம் பேசுவான். கல்லூரி இடத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்.

"அவர்தானான்னு கேட்டுருவோம்," என்றேன்.

"அவருக்கு எப்படி மேம் போன் பண்றது?"

"மெயில்லயே கேளு."

வெண்டல் அடித்தான்: 'மனோங், இன்னைக்கு மெரியெண்டா என்ன?'

பதில் உடனே வந்தது. 'முக்கியமான கூட்டத்தில் இருக்கிறேன். கேள்வி கேட்காமல் கடவுச்சொல்லை அனுப்பு.'

தேங்காய்ப்பால் பாயசப் பானையோடு உள்ளே வந்திருந்த மனாங் பெபாங் அதை எட்டிப் படித்தாள்.

"மெரியெண்டாவ விட முக்கியமான கூட்டமா? இது நம்ம சார் இல்ல."

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் அறையே சிரித்தது. அடக்கத்துக்குப் பிறகு அன்றுதான் நானும் சத்தமாகச் சிரித்தேன்.

எல்மெர் இதற்கென்று வைத்திருந்த தனிக் கணக்கைத் தவிர, கணக்குகளை மூடும் அதிகாரம் மேம் எவாஞ்சலினுக்கு மட்டுமே இருந்தது. கணினி முன் உட்கார்ந்தவர் அழுத்தாமல் என்னைப் பார்த்தார்.

"நாப்பதுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. நீ சொல்லாம நான் இதத் தொட மாட்டேன்."

"அழுத்துங்க மேம். அவர் வர்றதா இருந்தா வீட்டுக்கு வரட்டும். நான் பாஸ்வேர்டு கேக்க மாட்டேன்."

அழுத்தினார். மீனோடு சிரித்த படம் மறைந்து வெறும் வட்டம் மட்டும் நின்றது.

மிச்சத்தை வெண்டல் பார்த்துக்கொண்டான். வரிசையில் நிற்கவைத்து எல்லாருடைய கடவுச்சொல்லையும் மாற்றவைத்தான். பிறந்தநாளை வைத்தவர்களுக்கு விசில் ஊதினான். மேம் எவாஞ்சலினுக்கும் ஊதினான். மதிப்பெண்களைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்றுகூட மாறவில்லை.

திருடன் எப்படி நுழைந்தான் என்பது அன்று மாலை வீட்டுப் பிரார்த்தனையில் தெரிந்தது. கடவுச்சொல் தெரிந்தவன்கூட, எல்மெரின் கைபேசியில் யாராவது 'ஆம்' என்று அழுத்தினால்தான் உள்ளே வர முடியும். அழுத்தியது அவருடைய சித்தி, தியா லுமெங்.

"எல்மெர் கணக்குல யாரோ உள்ள வரப் பாக்கறாங்க, அது நீங்கதானான்னு கேட்டுச்சு. அவனத் தவிர யாரு வரப்போறா? புள்ள எவ்வளவு நேரம் வாசல்ல நிப்பான்னு அழுத்திட்டேன்."

அவளைக் கட்டிக்கொண்டேன்.

கடவுச்சொல் போன வழியை வெண்டல் பிறகு கண்டுபிடித்தான். இணையத்தில் மீன்பிடித் தூண்டில் விற்கும் ஒரு கடை. எல்மெர் அங்கேயும் அதே கடவுச்சொல்லைத்தான் வைத்திருந்தார். அந்தக் கடையிலிருந்து அது களவு போயிருந்தது. நான் விற்றதாவது அரிசிக்கு. படத்துக்கு முன்னால் நின்று இதைச் சொல்லிக் காட்டினேன். அதிலும் மீனைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நாற்பதாம் நாளுக்கு ஊரே வந்து சாப்பிட்டுப் போனது. கைபேசியை நானே அணைத்து அலமாரியில் வைத்தேன்.

இப்போது கணினி வேலை வெண்டலிடம். கடவுச்சொல் கேட்பவர்களிடம் நாங்கள் இன்றும் அதே கேள்வியைத்தான் கேட்கிறோம். போன மாதம் அவனும் மனாங் பெபாங்கிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தான்.

"எல்மெர் சாருக்கே மாத்தல. உனக்கா மாத்துவேன்?" என்றாள்.

புதன்கிழமை என்றால் துரோன்தான்.