தவராசாவின் வருசம் எப்போது பிறந்தது

நாற்பத்தோராயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். வட்டியும் முதலுமாகக் குகதாசன், அரிசி ஆலைத் தவராசாவுக்குக் கொடுக்கவேண்டிய கடன் அவ்வளவு. மகள் சுமித்திரா வான்பௌதிகவியலில் முதுமாணி படிக்கிறாள். அந்தப் படிப்பின் கடைசித் தவணைக்கு வாங்கிய காசு. ஈடு, அவளுடைய லப்டொப். புதுவருசம் பிறக்குமுன் காசு வராவிட்டால் அது தவராசாவுக்கு என்பது பேச்சு. நட்சத்திரங்கள் எப்படி எரிந்து முடிகின்றன என்று அவள் போட்ட கணக்கெல்லாம் அதற்குள்தான் கிடந்தன.

முதல்நாளே சம்பளம் தருகிறேன் என்ற கொந்தராத்துக்காரன், வருசத்தன்று காலையில்தான் கிளிநொச்சியில் கண்ணில் பட்டான். காசைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு குகதாசன் ஸ்கந்தபுரத்துக்குச் சைக்கிளை மிதித்தார். மாதம் முழுக்கச் சீமெந்து குழைத்த உடம்பு. ஏற்றம் வந்த இடமெல்லாம் முழங்கால் முறைப்பாடு சொன்னது.

குகதாசனின் வீட்டு முற்றத்தில், ஈட்டை எடுக்க வந்த தவராசா கதிரை போட்டு இருந்தார். புதுவேட்டி. வருசத்துக்கு மூலிகை போட்ட மருத்துநீரில் முழுகும்போது தலையில் வைத்த இலையொன்று காதோரம் ஒட்டியிருந்தது. லப்டொப்பைப் பூனைக்குட்டிபோல மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் சுமித்திரா பொங்கல் பானையைப் பார்த்தபடி நின்றாள்.

"இந்தாங்கோ அண்ணை காசு!"

"பிந்திப் போச்சு குகன். வருசம் எட்டே முக்காலுக்கே பிறந்திட்டுது."

"ஒன்பதரைக்கெல்லோ பிறக்குது? இன்னும் நேரம் கிடக்கு!"

"அது திருக்கணிதம். நான் வாக்கியம்."

ஊரில் பஞ்சாங்கம் இரண்டு. வாக்கியத்தில் சூரியன் முந்தி மேட ராசிக்குள் போவார், திருக்கணிதத்தில் கொஞ்சம் ஆறிப் போவார்; போகிற நேரம்தான் வருசப்பிறப்பு.

"நாங்கள் பரம்பரையாத் திருக்கணிதம் அண்ணை."

"போன வருசம் என்ர வீட்டில வாக்கியத்துக்குத்தானே வந்து பொங்கல் சாப்பிட்டனீ?"

"அது பசி அண்ணை."

தவராசா சுமித்திராவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ வானத்தைத்தானே படிக்கிறாய். பக்கம் சாராமல் சொல்லு. சூரியன் மேடத்துக்குள்ள போயிட்டாரோ, இல்லையோ?"

குகதாசனுக்குத் தெரியும்: மகளுக்குப் பொய் வராது. பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாளில் காய்ச்சல் என்று சொல்லக்கூடத் தெரியாத பிள்ளை. கண்ணைக் காட்டினார். அவள் பார்க்கவேயில்லை.

"இன்னும் போகேல்லை மாமா."

"அப்ப திருக்கணிதம்தான் சரியெண்டுறாய்."

"அப்பிடியும் இல்லை. வானத்தில வேலி கிடையாது மாமா. கோடு மனிசர் கீறினது. பஞ்சாங்கக்காரர் ஒரு இடத்தில கீறினவை, எங்கட படிப்புக்காரர் இன்னொரு இடத்தில. எங்கட கோட்டின்படி சூரியன் இப்பவும் மீனத்துக்கைதான் நிக்குது. மேடத்துக்குப் போக இன்னும் நாலஞ்சு நாள் செல்லும்."

தவராசா காதோரத்து இலையைத் தடவினார். "அப்ப நான் விடிய முழுகின மருத்துநீர்?"

"சும்மா குளிப்பு."

"வருசத்துக்கெண்டு வேலைக்காரருக்குக் குடுத்த கைவிசேசக் காசு?"

"முற்பணம் எண்டு நினையுங்கோ."

குகதாசனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சோடு யோசனையும் வந்தது. நீட்டிய காசை மடித்து மெல்லத் திரும்பப் பொக்கற்றுக்குள் செருகினார்.

"டேய், என்ன செய்யிறாய்?"

"நாலஞ்சு நாள் இருக்கெண்டுறாளே அண்ணை. ஆறுதலாத் தாறன். உங்களுக்கேன் அவசரம்?"

கூலிக்காரன் கையில் காசு நாலு நாள் நிற்காது என்பது தவராசாவுக்குத் தெரியும். மடியில் கிடந்த லப்டொப்பைப் பார்த்தார். இரண்டு எழுத்துக் கட்டைகளைக் காணவில்லை. மூடி ரப்பர் பட்டியால் கட்டியிருந்தது. சந்தையில் இதற்கு யார் என்ன தரப் போகிறார்கள்? சுமித்திராவின் கோட்டுக்குப் போனால் காசு போய்விடும். வாக்கியத்தில் நின்றால் இந்த ஓட்டை லப்டொப்தான் மிச்சம்.

"குகன், இப்ப எத்தினை மணி?"

"ஒன்பதே காலாகேல்லை."

"அப்ப கொண்டா காசை. இந்த வருசம் மட்டும் நான் திருக்கணிதம்."

எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார். எழும்பி லப்டொப்பைச் சுமித்திராவின் கையில் கொடுத்தார்.

"கொப்பரின்ர கடன் முடிஞ்சுது பிள்ளை," என்றார். "ஒரு சதமும் இல்லை."