கருவேலங்காட்டில் ஆய்வு இல்லை

பட்டாசுக் கம்பெனிக்கு ஆய்வு வருகிறதென்றால் முதல் நாள் சாயங்காலமே போன் வந்துவிடும். போட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை. மறுநாள் காலையில் போர்மேன் பலவேசம் கேட்டிலேயே நின்று பெண்களைப் பிரிப்பார். ஒரு அறைக்கு நாலு பேர் என்பது சட்டம். சட்டத்துக்குள் அடங்கியவர்கள் அறைக்குள் போவார்கள். மிச்சப் பேர் தூக்குவாளியோடு பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் போய்க் குந்தியிருக்க வேண்டும். ஜீப் திரும்பிப் போனதும் விசில் கேட்கும். எழுந்து வந்து, அறைக்குப் பத்துப் பேராக நெருக்கியடித்து உட்கார்ந்து, மறுபடி மருந்து அடைப்பார்கள்.

சுகிர்தாவும் அப்படிக் குந்தியிருந்தவள்தான். பிளஸ் டூ லீவில் அம்மா வெள்ளைத்தாயோடு வேலைக்குப் போனபோது, இருமலைக்கூட விழுங்கிக்கொண்டு, காலில் குத்திய முள்ளைப் பிடுங்காமல்.

இந்தத் தடவை அவள் ஜீப்புக்குப் பின்னால் வந்த வேனில் இருந்தாள். கழுத்தில் நீலப் பட்டையில் அடையாள அட்டை தொங்கியது.

விருதுநகரில் கல்லூரி விடுதியில் தங்கிப் பொது நிர்வாகம் படிக்கிறாள், கடைசி வருடம். அவள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள். சென்னையிலிருந்து ஒரு கொள்கை ஆய்வு மையத்துக்காரர்கள் வந்து, அரசிலும் பொதுக் கொள்கையிலும் மாணவர்களுக்கு எப்பேர்ப்பட்ட எதிர்காலம் காத்திருக்கிறது என்று ஏசி அரங்கில் படம் போட்டுக் காட்டினார்கள். காத்திருந்தது ஒரே ஒரு இடம். அரசுத் துறையோடு சேர்ந்து ஒரு வருடப் பயிற்சி, மாதச் சம்பளம், நன்றாகச் செய்தால் அங்கேயே வேலை. கடைசிச் சுற்றில் நாலைந்து பேர் மிஞ்சினார்கள். காலையில் ஒரு பட்டாசு ஆலையைப் பார்க்க வேண்டும், மத்தியானம் பார்த்ததைப் பற்றிக் குழு முன்னால் பேச வேண்டும். அவ்வளவுதான்.

வேன் வெம்பக்கோட்டைச் சாலையில் திரும்பியபோதே சுகிர்தாவுக்குச் சந்தேகம் தட்டியது. கம்பெனி கேட்டைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. அம்மா வேலை பார்க்கும் கம்பெனி.

உள்ளே எல்லாம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மணல் வாளிகளில் சிவப்புப் பெயின்ட் இன்னும் காயவில்லை. ஒவ்வொரு அறையிலும் நாலே நாலு பெண்கள், சினிமாவில் மாதிரி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வு அதிகாரி முத்துக்கிருஷ்ணன் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "வெரிகுட், வெரிகுட்" என்றார். மையத்திலிருந்து வந்த சென்னை மேடம் ஒரு அம்மாவிடம், "இங்க வேலை பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். அந்த அம்மா பலவேசத்தைப் பார்த்துக்கொண்டே, "ரொம்பப் பிடிச்சிருக்குங்க" என்றாள்.

கடைசிச் சுற்றில் அவளோடு போட்டியிட்ட தருண்குமார் மும்முரமாகக் குறித்துக்கொண்டான். விருதுநகரில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்கிற வீட்டுப் பையன், நல்லவன்தான். "சூப்பரா மெயின்டெய்ன் பண்றாகல்ல?" என்றான்.

"ஆமா. நீ வாரேன்னு காலையிலதான் பெறந்துச்சு இந்த மெயின்டெனன்ஸ்" என்றாள் சுகிர்தா. அவன் ஜோக் என்று நினைத்துச் சிரித்தான்.

ஆபீஸ் அறையில் டீயும் சேவும் வந்தன. சுகிர்தா பாத்ரூம் போகிற மாதிரி எழுந்து, சுற்றுச்சுவர் இடிந்த இடத்தின் வழியாகப் பின்பக்கம் போனாள்.

காட்டுக்குள் அவள் தலை தெரிந்ததுதான் தாமதம்.

"ஏ, ஆபீசரு பொம்பள வாராடி!"

தூக்குவாளிகள் உருள, பெண்கள் எழுந்து ஓடினார்கள். ஒருத்தி சேலை முள்ளில் மாட்டிக் குப்புற விழுந்தாள். விழுந்தவள் சுகிர்தாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "தாயி, நான் வேலைக்கு வரலத்தா. வெறகு பொறுக்க வந்தேன்."

அவள் விரல் இடுக்கெல்லாம் கழுவியும் போகாத வெடிமருந்துக் கறை ஏறியிருந்தது. தன்னை ஒருத்தி கும்பிடுவது சுகிர்தாவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஓடாமல் ஒரே ஒருத்தி மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்தச் சேலை போன தீபாவளிக்குச் சுகிர்தாவே எடுத்துக் கொடுத்தது.

"அம்மா."

"போயிரு" என்றாள் வெள்ளைத்தாய், முந்தானையை எடுக்காமலே. "வேன்ல இருந்து நீ எறங்கும்போதே சொவரு இடிஞ்ச சந்து வழியாப் பாத்துட்டேன். ஒன்னோட வந்தவுக யாரும் என்னையப் பாத்துறக் கூடாது. போயிரு."

"அதுக்காக இப்படியா மூஞ்சிய மூடிக்கிட்டு..."

"வாய அடக்கு. மத்தியானம் அங்கன போயி எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லு. அந்த வேலை ஒனக்குக் கெடச்சா நான் எதுக்கு இங்கன வாரேன்? அம்புட்டுத்தான் வேணும் எனக்கு."

"ஒனக்கு அம்புட்டுத்தான். இந்தா விழுந்து கெடக்காளே, இவளுக்கு?"

"அவளுக்கு அவ பிள்ளை இருக்கு. நீ போ!"

மத்தியானம் அரங்கில் ஏசி குளிரெடுத்தது. முதலில் தருண்குமார் பேசினான். விதிமுறைகள் நூறு சதவீதம் கடைப்பிடிக்கப்படுகின்றன, தொழிலாளர் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்றான். கைதட்டினார்கள். பொய் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குக் காட்டியதை அவன் சொன்னான்.

சுகிர்தா எழுந்தாள். அம்மா சொன்னதைச் சொல்லிவிடலாம் என்று மேடை வரைக்கும் நினைத்துக்கொண்டுதான் போனாள். மைக்கைப் பிடித்தபோது அந்தக் கும்பிட்ட கைதான் கண்ணுக்குள் நின்றது.

"நாம அறைகளப் பாத்தோம். ஆளுகளப் பாக்கல. ஆளுக கருவேலங்காட்டுல இருந்தாக. அறைக்கு நாலு பேருன்னு சட்டம் போட்டாச்சு, மீறினா சீல். சீல் வச்சா கம்பெனிக்காரரு வீட்டுல அடுப்பு எரியும். இந்தப் பொம்பளைக வீட்டுல எரியாது. அதனாலதான் மொதலாளியக் காப்பாத்துறதுக்கு இவுகளே ஓடி ஒளியுறாக. கையில இருக்க மருந்துக்குப் பயப்படாதவுக உங்க ஜீப்புக்குப் பயப்படுதாக. மூடுன நாளுக்கும் கம்பெனி கூலி குடுக்கணும்னு சட்டத்துல ஒரு வரி சேருங்க. ஒருத்தியும் ஓட மாட்டா. அவளே வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிக் காட்டுவா. அப்புறம், வாரதுக்கு முந்தின நாள் போன் போடாதீக."

சென்னை மேடம் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். குழுவில் இருந்த முத்துக்கிருஷ்ணன் சிரித்தார். பெரிய மனிதர்கள் சின்னப் பிள்ளையிடம் சிரிப்பார்களே, அப்படி.

"எந்தக் கம்பெனிம்மா? பேரச் சொல்லு. இப்பவே நடவடிக்கை எடுக்கேன்."

"காலையில சேவு பொட்டலம் கட்டி வாங்கி ஜீப்புல வச்சீகளே, அந்தக் கம்பெனிதான் சார்."

அரங்கில் யாரோ களுக்கென்று சிரித்து உடனே அடக்கிக்கொண்டார்கள். முத்துக்கிருஷ்ணன் சிரிக்கவில்லை. "ஒனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

"எங்கம்மா அந்தக் காட்டுக்குள்ளதான் இருந்தா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சொன்னது சொன்னதுதான்.

இடம் தருண்குமாருக்குக் கிடைத்தது. சுகிர்தாவுக்கு உணர்ச்சி அதிகம், கொள்கை வகுக்க நிதானம் வேண்டும் என்று முத்துக்கிருஷ்ணன் சொன்னார். அந்த ஆளுக்கு எவ்வளவு நிதானம்! அவர் ஆய்வு செய்கிற ஊரில் எத்தனை வெடித்தாலும் கலையாத நிதானம். சென்னை மேடம் வராந்தாவில் அவளைத் தனியாகப் பிடித்தார். "யூ ஸ்போக் சோ வெல். எங்க வருஷாந்திர மாநாட்டுக்கு உன் அம்மாவைக் கூட்டிட்டு வர முடியுமா? மேடையில அவங்க அனுபவத்தைச் சொன்னா ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கும்."

"காட்டையும் கொண்டு வரட்டுமா மேடம்?" என்று கேட்டுவிட்டு சுகிர்தா நடந்தாள்.

அன்று சனிக்கிழமை; இரவே ஊருக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். வெள்ளைத்தாய் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிறு கழிந்து மறுநாள் காலையில் கம்பெனி வேன் வந்து நின்றது. பலவேசம் முன் சீட்டிலிருந்து கையை நீட்டி மறித்தார். "நீ ஏறாத வெள்ளைத்தாயி. மக பெரிய ஆபீசராயிட்டாளாமே, வீட்டுல உக்காந்து சாப்பிடு."

வேன் நிறையப் பெண்கள். அன்றைக்குக் காட்டில் விழுந்தவள் ஜன்னலோரம் இருந்தாள். ஒருத்தியும் இறங்கவில்லை. வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

சுகிர்தாவுக்கு ரத்தம் கொதித்தது. "இவளுகளுக்காகத்தான் பேசுனேன். ஒருத்தியாச்சும் எறங்குனாளா பாரு!"

"அவளுகள எதுக்கு வையுத?" வெள்ளைத்தாய் வெடித்தாள். "எறங்குனா அவ பிள்ளைக்குச் சோறு நீ போடுவியா? நீதான மைக்குல சொன்ன அத? சொன்னவளுக்கே புரியலையாக்கும்!"

வெள்ளைத்தாய் தூக்குவாளியைத் திண்டில் ணங்கென்று வைத்தாள். உள்ளே போனாள், வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னைக்குத் திங்கக்கெழமைதான? கலெக்டரு மனு வாங்குவாகல்ல?"

"வாங்குவாக."

"நட. ஒம்பது மணி பஸ்ஸப் பிடிக்கணும்."

"நான் எழுதித் தாரேன்மா. நானே பேசிக்..."

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்றாள் வெள்ளைத்தாய், முன்னால் நடந்தபடியே. "அன்னைக்குப் பேசுனது போதும். வேலை போனது எனக்கு. நான் பேசிக்கிடுதேன்."