விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

தட்டியது கணவனின் பெரியம்மா பாத்மா என்று தெரிந்துதான் சைராஷ் கதவைத் திறந்தாள். நாரின் என்ற அந்த மலையூரின் குளிரில் பெரியவளை வாசலில் நிறுத்த முடியுமா? பாத்மா உள்ளே வந்தாள். அவளுடைய பெரிய கோட்டின் மறைவிலிருந்து சைராஷின் கணவன் ஷேர்காசியும் வந்தான். அவன் இந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாதென்று காவல் நிலையம் போட்ட பாதுகாப்பு உத்தரவு அலமாரியில் கிடந்தது. அவனோ காலணியைக் கழற்றிவிட்டுப் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தான்.

சைராஷ் அடுக்களைக்குப் போய் வட்டாரக் காவலர் மெதெத்துக்குப் போன் செய்துவிட்டு வந்தாள். அதற்குள் பாத்மா விரிப்பில் ரொட்டியைப் பிட்டு வைத்திருந்தாள்.

"முதல்ல இவனுக்கு டீ ஊத்து மருமகளே. சண்டை எங்க ஓடிடப் போகுது?"

ஊற்றினாள். ஷேர்காசியின் கிண்ணம் விளிம்பு வரை தளும்பியது. அரைக் கிண்ணம் ஊற்றினால் 'இரு, இன்னும் ஊற்றுகிறேன்' என்று அர்த்தம். விளிம்பு வரை ஊற்றினால் 'குடித்துவிட்டு நடையைக் கட்டு.' அந்த ஊரில் பால்குடி மறந்த எல்லோருக்கும் இது தெரியும்.

வெளியே ஜீப் வந்து நின்றது. ஷேர்காசி குனிந்து, கொதிக்கக் கொதிக்கப் பாதியை ஒரே மூச்சில் உறிஞ்சினான். கண் பிதுங்கிவிட்டது.

மெதெத் உள்ளே வந்தான். ஷேர்காசிக்குத் தூரத்துச் சொந்தம் வேறு. "என்னண்ணே, உத்தரவு இருக்கறப்ப இங்க என்ன வேலை?"

"அவளேதான் கதவத் தொறந்தா, அவளேதான் டீ ஊத்தினா," என்றாள் பாத்மா. "பாரு, அரைக் கிண்ணம்! இதுக்கு மேல என்ன சம்மதம் வேணும்?"

"ஆஹ்... ஆமா," என்றான் ஷேர்காசி. வெந்த நாக்கு அதற்கு மேல் ஒத்துழைக்கவில்லை.

"அவரு மீசையப் பாருங்க," என்றாள் சைராஷ். மீசையிலிருந்து தேநீர் சொட்டியது.

மெதெத் பார்க்காத மாதிரி உட்கார்ந்தான். "சம்மதத்தோட வந்தாருன்னு எழுதிட்டா எல்லாருக்கும் நிம்மதிதானே?"

அப்படி எழுதிவிட்டால் இனி எத்தனை முறை கூப்பிட்டாலும் ஜீப் வராது. அது சைராஷுக்குத் தெரியும். மெதெத்துக்கும் ஒரு கிண்ணம் ஊற்றி நீட்டினாள்.

பாத்மா பதறினாள். "விருந்தாளிக்கு இடது கையாலயா? குடும்ப மானத்த வாங்குறியே!"

"வலது கை மாவுக்கட்டுல இருக்கு அத்தை. ஒடைச்சவரு உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்காரு."

மெதெத் மாவுக்கட்டைப் பார்த்தான். பிறகு தன் கிண்ணத்தைப் பார்த்தான். அதுவும் விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. அவன் காது இரண்டும் சிவந்தன.

"எந்திரிண்ணே."

"அவ சம்மதம்..." என்று ஆரம்பித்தாள் பாத்மா.

"அவங்களே கூப்பிட்டு உக்கார வெச்சிருந்தாலும் செல்லாது பெரியம்மா. உத்தரவு போட்டது நிலையம். டீ ஊத்தினா அது கரைஞ்சிடாது."

"அட, டீயக் குடிச்சிட்டாவது போங்கப்பா!"

"குடிச்சிட்டுப் போகச் சொல்லித்தானே ஊத்தியிருக்காங்க," என்று மெதெத் நின்றபடியே குடித்து முடித்தான். ஷேர்காசி காலணியை மாட்டக்கூட அவன் நேரம் கொடுக்கவில்லை. கையில் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினான் புது மாப்பிள்ளை.

பாத்மா மட்டும் அசையாமல் கிண்ணத்தை நீட்டினாள். "எனக்காவது பாதி ஊத்தும்மா."

சைராஷுக்குப் பாவமாகத்தான் இருந்தது. விளிம்பு வரை ஊற்றினாள்.

பெரியவளும் போன பிறகு கதவைத் தாழிட்டாள். பிறகு தனக்கு அரைக் கிண்ணம் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.