குணமணியின் பொட்டு

ஊரே பட்டினி கிடந்தாலும் எங்கள் வீட்டு மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடந்தாக வேண்டும். சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குப் பின்னால் இருந்த எங்கள் ஒற்றை அறையில் யூசுப் அண்ணன், அந்தோனிப்பிள்ளை வாத்தியார், என் வீட்டுக்காரர் பரமசிவம் மூன்று பேரும் சம்மணமிட்டு உட்கார்ந்து கதை, கவிதை என்று பேசுவார்கள். ஜப்பான்காரன் வந்த பிறகு புதுப் புத்தகத்துக்கு எங்கே போவது? படித்ததையே திரும்பத் திரும்பப் பேச வேண்டியதுதான். நான் மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துத் தட்டில் வைப்பேன். இலக்கியம் பேசுகிற வாய்க்குள் கிழங்கு எப்படித்தான் அவ்வளவு வேகமாகப் போகுமோ!

அன்றைக்கு வாத்தியார் ஒரு கேள்வி போட்டார்.

"செத்துப்போன எழுத்தாளர் ஒருத்தரை உயிரோட திரும்பக் கொண்டு வரலாம்னா, யாரைக் கொண்டு வருவீங்க? ஏன்?"

யூசுப் அண்ணன் நாகூர்ப் பக்கத்துப் புலவர் ஒருவரைச் சொன்னார். வாத்தியார் இன்னும் பின்னால் போய், ராஜாக்கள் காலத்தில் நின்றார். என் வீட்டுக்காரர் மட்டும் தலையை ஆட்டினார்.

"எனக்கு அவ்வளவு தூரம் போக வேணாம்லா. நம்ம மாணிக்கவேலனைக் கொண்டு வருவேன்."

மாணிக்கவேலன் அதே பாயில் உட்கார்ந்து என் கையால் கிழங்கு தின்றவர். துறைமுகத்துக் கூலிகளைப் பற்றிக் கதை எழுதியவர். அக்கரை ஜொகூரில் கிழங்கு போட நிலம் கிடைக்கிறது என்று யாரோ சொல்ல, பாலம் தாண்டிப் போனார். காய்ச்சலில் அங்கேயே போய்விட்டார். கூடப் போன லாரிக்காரர்தான் அடக்கம் செய்துவிட்டு வந்து சொன்னார்.

"நம்ம சனத்தைப் பத்தி எழுத அவனை விட்டா யார் இருக்கா?" என்றார் என் வீட்டுக்காரர். "வெள்ளைக்காரன் ஓடினதை யார் எழுதுவா? நாம அரிசிக்கு வெயில்ல காயறதை யார் எழுதுவா? அவன் ஆரம்பிச்ச கதை பாதியிலேயே நிக்குது. அவன் வரணும்."

யூசுப் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் புருஷனைப் பார்த்து நான் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

உடனே முடிவாகிவிட்டது. மாணிக்கவேலனுக்கு ஊரறிய ஓர் இரங்கல் கூட்டம். ஆனால் அந்தக் காலத்தில் நாலு பேர் கூடி நின்றாலே சந்தேகம். வட்டார ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும்.

"எதுக்கும் அவர் சம்சாரம் குணமணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தார் வாத்தியார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"அவகிட்ட என்ன கேக்கறது? புருஷன் போய் மாசக்கணக்காச்சு, இன்னும் நெத்தியில பொட்டு, கழுத்துல தாலி. அரிசிக் கியூவுல எனக்கு முன்னாடி மினுக்கிக்கிட்டு நிக்கிறா. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா? வெக்கங்கெட்டவ!"

யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் நானே சட்டையைத் தேய்த்துக் கொடுத்து என் வீட்டுக்காரரை அனுப்பினேன். செத்தவர் பெயர் என்ன, வீடு எது, எப்போது செத்தார் என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். இவர் தம்முடைய முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். சில நாளில் முத்திரை குத்திய அனுமதித் தாளும் வந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரி அதைத் தெரு முழுக்கக் காட்டினார்.

அதற்கு மறுநாள் மத்தியானம் குணமணி வாசலில் வந்து நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்தும் அப்படியே. 'பரவாயில்லையே, இப்போதாவது புத்தி வந்ததே' என்றுதான் என் பாழாய்ப்போன மனசு முதலில் நினைத்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் பேசினாள்.

"அண்ணே, ஆபீசுல அரிசி அட்டையைப் பிடுங்கிட்டாங்க. செத்தவர் பேருல அரிசி வாங்கி ஏமாத்தினேனாம். பிள்ளைங்க பங்கும் சேர்ந்து போச்சு."

"ஐயையோ... அவங்களுக்கு யாரும்மா சொன்னா?"

"நீங்க எழுதிக் குடுத்த தாளைத்தான் காட்டினாங்க."

அவர் வாய் திறந்தபடியே நின்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அவர் போனது தெருவுக்குத் தெரியும். ஆபீசுக்குத் தெரியாது" என்றாள் குணமணி. "பொட்டை அழிச்சா அரிசி குடுக்கறவனுக்குத் தெரிஞ்சுடும். வாய்விட்டு அழுதா அக்கம்பக்கத்துல யாராவது போய்ச் சொல்லிடுவாங்க. அதான் அழவும் இல்ல." அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "கியூவுல எல்லாரும் பேசினது என் காதுல விழாம இல்லக்கா."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா! ஓடிப்போய் அரிசி டின்னை எடுத்து வந்தேன். அடியில் கிடந்ததையெல்லாம் அவள் முந்தானையில் கொட்டினேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது எந்தத் தாய் சொல்வாள்?

முந்தானையை முடிந்துகொண்டு மறுபடி அவரிடம் சொன்னாள்.

"அவரை உயிரோட கொண்டு வரணும்னு பேசினீங்களாமே. யூசுப் அண்ணன் சொன்னாரு. முந்தாநாள் வரைக்கும் நான் வெச்சிருந்தேனேண்ணே."

"தங்கச்சி, அந்தக் கூட்டத்தை நான் நிறுத்திடறேன்" என்றார் அவர். குரல் உடைந்துவிட்டது.

"ஏன் நிறுத்தணும்? நடத்துங்க. இனிமே அவர் செத்துட்டாருதானே. நானும் வந்து உக்கார்றேன். அங்கயாவது அழுதுக்கறேன்."

அவள் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் முத்திரை குத்திய தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாயிலேயே உட்கார்ந்தார்.

"அங்க போய் நான் என்ன பேசுவேன் ரஞ்சிதம்?" என்றார்.

வெக்கங்கெட்டவள் என்று அன்றைக்குக் கத்தினேனே, அது இதே அறைதான். என் நெற்றியில் பொட்டு இருந்தது. அதோடு அவள் பக்கத்தில் போய் எப்படி உட்காருவது என்று தெரியாமல் நின்றேன்.