வாத்து மேய்த்த கலைஞன்

அனிமே கார்ட்டூன் தொடர்கள் தயாரிக்கும் அந்த நிறுவனத்தில் அவனுக்கு 'மேகம்' என்று பெயர். பின்னணியில் மேகம் வரைவதுதான் அவன் வேலை. வருஷக்கணக்கில் பஞ்சுப் பொதியாகவே வரைந்து தள்ளியதில் அவனே கொஞ்சம் மிதந்தபடிதான் நடப்பான்.

புதிய தொடர் ஒன்று தொடங்கியது. மனம் வறண்டுபோன நகரத்து ஓவியன் ஒருவன் கிராமத்துக்குப் போகிறான். அங்கே வாத்துகளும், வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண்ணும் அவனுக்கு வாழ்க்கையின் அர்த்தத்தைப் புரியவைக்கிறார்கள். இதை எழுதிய இயக்குநர் கிராமத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தவர். அதிலும் பாதி வழி தூங்கிவிட்டார்.

"யாருக்காவது கிராமத்துல சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று அவர் கேட்டபோது மேகம் கையைத் தூக்கித் தொலைத்தான்.

அவனுடைய அக்காவும் அவள் கணவரும் வாத்துப் பண்ணை வைத்திருந்தார்கள். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் ஒருமுறை அங்கே போனவன், நாற்றம் தாங்காமல் அன்றைக்கே திரும்பியிருந்தான். இப்போது புத்தம்புது வைக்கோல் தொப்பியோடு வந்து இறங்கினான். அக்கா சிறிய லாரியிலிருந்து தீவன மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"தொப்பியில விலைச்சீட்டு தொங்குது பாரு, கலைஞரே" என்றாள். மூட்டைக்குக் கை கொடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாளே கட்டளைகள் தொடங்கின.

"அக்கா, அந்த நீலத் தார்ப்பாயை எடுத்துடேன். காட்சியையே கெடுக்குது."

"எடுத்தா தீவனம் நனையும். வேணும்னா நீ கண்ணை மூடிக்கோ."

அவன் அதைத்தான் செய்தான். தார்ப்பாய் இல்லாமல், மின்கம்பி இல்லாமல், லாரி இல்லாமல், சேறே இல்லாமல் ஒரு கிராமம் அவன் தாளில் எழும்பியது. கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வரைந்தான். நடுநடுவே பெருமூச்சு வேறு.

"இது வேலையா, வியாதியா?" என்று அக்காவின் கணவர் அவளிடம் தனியாகக் கேட்டார்.

"பொறந்ததுலேருந்தே இப்படித்தான். நீங்க சாப்பிடுங்க."

அவர்கள் இருவரும் சந்தைக்குப் போன ஒரு காலையில் அவனுக்கு உத்வேகம் பொங்கியது. கதையில் வாத்துகள் நாயகன் பின்னால் வரிசையாக நடந்து வர வேண்டும். நேரில் பார்த்து வரைந்தால் உயிரோட்டமாக இருக்குமே என்று பட்டியின் கதவைத் திறந்துவிட்டு, கையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

வாத்துகள் அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பாதையைத் தாண்டினால் பக்கத்துத் தோட்டம். அந்த வாரம்தான் அங்கே முட்டைக்கோஸ் நாற்று நட்டிருந்தார்கள். கூட்டம் மொத்தமும் வேலியின் ஓட்டை வழியாக உள்ளே பாய்ந்தது. அவன் தொப்பியை வீசிக்கொண்டு பின்னால் ஓடினான். ஓடிய ஓட்டத்தில் அவன் மிதித்த நாற்றும் கொஞ்சமில்லை.

தோட்டக்காரி மண்வெட்டியோடு ஓடி வந்தாள். தனியாளாக அந்தத் தோட்டத்தைக் கட்டி ஆள்பவள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அதுங்களுக்கும் ஒரு சுதந்திரம்..." என்று இழுத்தான். அவள் நிமிர்ந்து பார்த்ததும் தொப்பியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

திட்டுகிற வேலையை அக்கா செய்தாள். லாரியிலிருந்து இறங்கியதும் ஒரு வாத்தை இறக்கையோடு பிடித்துத் தூக்கிக்கொண்டு, "அறிவிருக்காடா உனக்கு? ஊரான் வயித்துல அடிச்சுட்டு அதைப் படமா போடுவியா? நாத்து எல்லாத்தையும் திரும்ப நட்டுக் குடுக்காம நீ இங்கேருந்து நகர முடியாது, சொல்லிட்டேன்!" என்று கத்தினாள். ஊரில் பாதி அதைக் கேட்டது.

குனிந்து நட்டான். நட்டதில் பாதி சாய்ந்தது. தோட்டக்காரி பிடுங்கிப் போட்டாள். மறுபடி நட்டான். முதுகு ஒடிந்துபோக, ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் உட்கார்ந்து இரண்டு படம் வரைந்தான். ஒன்றில் அக்கா: கழுத்து நரம்பு புடைக்க, வாய் குகையாகத் திறந்திருக்க, கையில் திமிறும் வாத்து. மற்றதில் மென்றுபோட்ட நாற்றுகளுக்கு நடுவே வரப்பில் உட்கார்ந்திருக்கும் தோட்டக்காரி. அழகுபடுத்த அன்றைக்கு அவனுக்குத் தெம்பில்லை. அதனால் பார்த்தபடியே வந்துவிட்டது.

இரண்டையும் படம்பிடித்து அனுப்பியதும் இயக்குநர் தொலைபேசியில் துள்ளினார். "யாருய்யா அந்த ராட்சசி? அபாரம்! தொடர் முழுக்க அவங்க வரட்டும்."

"அந்த இன்னொரு படம், சார்?"

"சோகமா இருக்கே. நம்மளுது லேசான தொடர்ப்பா."

தொடர் வெளியான நாளில் அவன் மறுபடி ஊருக்கு வந்தான். அக்கா வீட்டுக் கூடத்தில் தோட்டக்காரியும் வந்து உட்கார்ந்தாள். திரையில் வாத்துகள் ராணுவம் போல வரிசையாக நடந்தன. அக்காவின் கணவர் மூக்கால் சிரித்தார். அடுத்து ராட்சசி வந்து கத்தினாள். கூடமே அதிர்ந்து சிரித்தது.

"என் பல்லு இவ்வளவு பெருசாடா, பாவி?" என்று அக்காவும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரையில் ராட்சசி கத்தி ஓய்ந்ததும் வாத்துகள் சமர்த்தாகப் பட்டிக்குத் திரும்பின. தோட்டத்தில் கோஸ் முழுசாக, பச்சைப் பசேலென்று நின்றது.

"என் நாத்து ஒண்ணுகூடவா போகல?" என்றாள் தோட்டக்காரி. எழுந்து போய்விட்டாள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "இவ வரப்புல உக்காந்திருந்ததை வரைஞ்சியே, அது எங்க?"

அவன் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தான். தோட்டக்காரி கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"அன்னிக்கு இப்படித்தான் உக்காந்திருந்தேனா?"

"ஆமாம்மா."

"உனக்கு வரையத் தெரியுதே" என்றாள் அவள். "அப்புறம் ஏன்ப்பா டிவியில அந்தக் கண்றாவி?"

படத்தை அவளே வைத்துக்கொண்டாள்.