ஜாவா ஆறில் வருகிறவர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வெள்ளைத் திரையிலிருந்து வந்தது. ஏதோ ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தேன். "உங்கள் கணினியில் எந்த ஜாவா இருக்கிறது என்று பார்க்கிறோம்" என்றது. நான் வாய் திறக்கும் முன்பே என்னிடம் இருப்பதும் இல்லாததும் அதற்குத் தெரிந்துவிட்டது. அந்த உரிமையை நான் கடவுளுக்கு மட்டும்தான் கொடுத்திருந்தேன்.

முதல் வரியாக 'எஸ்தர் நடுங்கிப்போய்' என்று எழுதி—

இல்லை. எஸ்தர் நடுங்குகிறவள் அல்ல.

2

சின்ன காஞ்சிபுரத்தில் புடவை டிசைன் போடும் கம்பெனி ஒன்றின் இணையப் பக்கத்தை எஸ்தர் பார்த்துக்கொள்கிறாள். டிசைன்காரர்கள் அவரவர் வீட்டிலிருந்தே அந்தப் பக்கத்தில் கட்டம் கட்டமாக நிரப்பிக் கரை வரைவார்கள். உள்ளே விடும் முன், வருகிறவரின் கணினியிலுள்ள ஜாவா மென்பொருள் எந்தப் பதிப்பு என்று பக்கம் பார்த்து எஸ்தருக்குச் சொல்லும்.

"எல்லாரும் புதுசுக்கு மாறிட்டாங்க. பழசுக்குக் கதவை மூடிடும்மா," என்றார் முதலாளி பூவராகவன்.

"ஒருத்தர் மட்டும் இன்னும் ஜாவா ஆறுலயே வந்துக்கினு இருக்காரு சார்."

"யாரும்மா அது, ஆதிகாலத்து ஆளு?"

"மணிவண்ணன் அண்ணன்."

பூவராகவன் காபியைக் கீழே வைத்தார். மணிவண்ணன் ஆடியில் இறந்துபோன டிசைன்காரர். அவருடைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டதே பூவராகவன்தான்.

"எவனாவது ஹேக்கரா இருப்பான்."

"ஹேக்கரு வந்து மயில் வரைவானா சார்?"

தன் மகள் அபியின் முகூர்த்தப் புடவைக்கு மணிவண்ணன் தொடங்கி, பாதியில் விட்டுப்போன மயில். இப்போது தினமும் கொஞ்சம் தோகை வளர்கிறது.

[இங்கே ஒரு விளக்கம் எழுதியிருந்தேன்: அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிய வாலாஜாபாத்துக்காரர் ஒருவர்… அவர் ஏன் மயில் வரைய வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. எடுத்துவிட்டேன்.]

3

நான் முதலில் எழுதிய முடிவில் எஸ்தர் கதவை மூடினாள். "உங்கள் பதிப்பு பழையது" என்ற அறிவிப்பு, யாருமில்லாத ஏதோ ஓர் அறையில்— அதற்குமேல் எழுத முடியவில்லை. கதையில்கூட ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே எஸ்தருக்கு எதிர்வீட்டுத் தறி நினைவுக்கு வந்தது. பாவு என்கிற நெடுக்கு இழைகள் தீர்ந்தாலும் பழைய இழைகளின் நுனியைத் தறியிலேயே விட்டுவைத்து, புது இழைகளை அவற்றோடுதான் முடிச்சுப் போடுவார்கள். யாரும் பழசை முழுக்க உருவிப் போடுவதில்லை.

"அபி கல்யாணம் வரைக்கும் இருக்கட்டும் சார்."

பூவராகவன் சுவரிலிருந்த பெருமாள் படத்தைப் பார்த்தார். மறுக்கவில்லை.

அறிவிப்பை அழித்துவிட்டு எஸ்தர் எழுதினாள்: "பழசா இருந்தா பரவால்ல. வாங்கண்ணா."

4

மயில் முடிந்துவிட்டது, கண்ணில் ஒரு கட்டம் தவிர. அது நிரம்பினால்தான் பக்கம் டிசைனைத் தறிக்கு அனுப்பும். அவர் இன்னும் வருகிறார். சுட்டி அந்தக் கட்டத்தின்மேல் வந்து நிற்கிறது. நிரப்பாமல் போய்விடுகிறது.

எஸ்தரே நிரப்பலாம். ஒரு தட்டு போதும்.

"வேணாங்கா," என்றாள் அபி. "முடிஞ்சிட்டா அப்பா அப்புறம் எதுக்கு வருவாரு?"

"அப்ப புடவை?"

"காஞ்சிபுரத்துல புடவைக்கா பஞ்சம்?" சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

நிரப்புவதா, விட்டுவைப்பதா, எது இரக்கம் என்று நான் சாமியிடமே கேட்டேன். பிறகு, எழுதியது சரியா என்று பார்க்க அதேபோல ஒரு பக்கத்தை என் கணினியில் செய்து திறந்தேன். என் கணினியில் எந்த ஜாவாவும் கிடையாது.

"ஜாவா ஆறு. வாங்கண்ணா," என்றது திரை. நான் வரையாத மயில் ஒன்று. கண்ணில் ஒரு வெற்றுக் கட்டம்.

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அபியின் கல்யாண மாதமான தை பிறக்கப்போகிறது. கட்டம் இப்போது உங்கள் முன்னால் இருக்கிறது. சுட்டி அசைகிறது.

அசைப்பது நீங்கள்தானே?